மின்னிலக்கப் படங்களின் பெருக்கமும் கூர்மையாக்கமும்: தமிழியல் ஆய்வாளர்க்கான ஒரு விளக்கம்

1. முன்னுரை

தமிழியல் ஆய்வில் ஒளிப்படம் இன்று கட்டுரைக்கு அணியாக மட்டும் அமைவதில்லை, சான்றாகவும் நிற்கின்றது. ஓலைச்சுவடி, கல்வெட்டு, பழைய நாளிதழ், தோட்டப் பள்ளியின் பதிவேடு, கோயில் அடிக்கல் முதலியவற்றை ஆய்வாளர் நேரில் சென்று படம் பிடித்து வருகின்றனர். மூலப்பொருள் பின்னாளில் அழிந்துவிடின் அப்படமே மூலம் என்னும் தகுதியைப் பெறுகின்றது. அதனை ஆய்வேட்டிலோ ஆய்விதழிலோ கண்காட்சிப் பலகையிலோ அச்சிட முற்படும்பொழுது பெரிதாக்கவும் கூர்மையாக்கவும் நேர்கின்றது. இவ்விரு செயல்களும் படத்துள் என்ன செய்கின்றன என்பதை அறியாமல் கையாண்டால் சான்று திரிந்துவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் எங்கள் மாணவர் ஒருவரின் ஆய்வேட்டைப் பார்வையிடுங்கால் இதனை நாம் நேரிற் கண்டோம். இரப்பர்த் தோட்டமொன்றின் சிறு கோயில் எப்பொழுது எழுப்பப்பெற்றது என்பது அவ்வேட்டில் எழுந்த வினாக்களுள் ஒன்று. தோட்டம் விற்கப்பெற்றுக் கோயில் அகற்றப்பட்டபொழுது அதன் அடிக்கல்லும் காணாமற் போயிற்று. எஞ்சியிருந்தது, 2004ஆம் ஆண்டில் திருவிழாவின்பொழுது எடுக்கப்பட்ட குழுப்படம் ஒன்றே. அதன் ஓரத்தில் அடிக்கல் தெரிந்தது. கல்லில் ஆண்டு தமிழ் எண்களால் பொறிக்கப்பட்டிருந்தது. மாணவர் அப்பகுதியை மட்டும் வெட்டியெடுத்து, மென்பொருள் ஒன்றின் துணையால் பெரிதாக்கி, ‘௧௯௨௬’ என்று ஐயமின்றிப் படிக்கத்தக்க படமாக அச்சிட்டிருந்தார். அதே பகுதியை நாம் வேறொரு மென்பொருளில் இட்டுப் பார்த்தோம். அது ‘௧௯௨௪’ என்று அதே தெளிவுடன் காட்டியது.

ஒரே படத்திலிருந்து இரண்டு ஆண்டுகள் பிறந்தது எவ்வாறு? இவ்வினாவுக்கு விடை காண்பதோடு, நல்ல அச்சுப்படி பெறுவதற்குரிய நெறிகளையும் தொகுத்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. படப்புள்ளியும் அச்சின் அளவும்

மின்னிலக்கப் படம் என்பது பிக்சல் என வழங்கும் படப்புள்ளிகளாலான கட்டம். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒளிர்வைக் குறிக்கும் எண் உண்டு. பொதுவான முறையில் 0 என்பது முழுக் கருமை, 255 என்பது முழு வெண்மை. படத்தில் உள்ள செய்தி இவ்வெண்களே. ஆகவே, ஒரு படத்தை எவ்வளவு பெரிதாக அச்சிடலாம் என்னும் வினா, ‘எத்தனை புள்ளிகள் உள்ளன, எவ்வளவு தொலைவிலிருந்து அதனைப் பார்ப்பர்’ என்னும் இரு வினாக்களாகப் பிரிகின்றது.

இயல்பான பார்வையுடையோர் பிரித்தறியக்கூடிய மிகச் சிறு கோணம் ஏறத்தாழ ஒரு பாகையின் அறுபதில் ஒரு கூறு. நூலை 30 செ.மீ. தொலைவில் வைத்துப் படிப்போர்க்கு இது 0.087 மி.மீ. ஆகும்; அதாவது அங்குலத்துக்கு ஏறத்தாழ 290 புள்ளிகள். அச்சகத்தார் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் கேட்பதற்கு இது ஒரு காரணம். மற்றொரு காரணம் அச்சு முறையைச் சார்ந்தது. நூல் அச்சில் சாம்பல் நிறம் சிறு மைப்புள்ளிகளின் வரிசையாக மாற்றப்படுகின்றது. அங்குலத்துக்கு 150 வரிசை கொண்ட அச்சுக்கு அதனைப்போல் இரு மடங்கு படப்புள்ளிகள் வேண்டும் என்பது வழக்கம்.

ஏ4 தாளை முழுமையாக நிரப்ப 3508 × 2480 படப்புள்ளிகள் தேவை. 3000 × 2000 புள்ளிகள் கொண்ட 6 மெகாபிக்சல் படம் இவ்வளவையில் 25.4 செ.மீ. அகலத்துக்கு மட்டுமே போதுமானது. அதனையே 42 செ.மீ. அகலமுள்ள ஏ3 தாளில் அச்சிட்டால் அங்குலத்துக்கு 181 புள்ளிகளே கிடைக்கும். ஆயினும், அது சுவரில் மாட்டப்பெற்று ஒரு மீட்டர் தொலைவிலிருந்து பார்க்கப்படுமாயின் குறையாகத் தோன்றாது. அத்தொலைவில் கண்ணுக்கு 90 புள்ளிகளே போதும். எனவே பள்ளிக் கண்காட்சிக்குப் பொருந்தும் படம் ஆய்விதழுக்குப் பொருந்தாமற் போகலாம்; கண்காட்சிப் பலகைக்கென்று மிகப் பெரிய கோப்பைத் தேடி அலையவும் வேண்டா.

எழுத்துச் சான்றுகளைப் பொறுத்தவரை மேலும் ஒரு கணக்கு இன்றியமையாதது. தாளின் அளவைக் காட்டிலும் மூலத்தின் ஒரு மில்லிமீட்டருக்கு எத்தனை படப்புள்ளிகள் விழுந்துள்ளன என்பதே அங்கு முதன்மையானது. 60 செ.மீ. உயரமுள்ள நாளிதழ்ப் பக்கத்தை 4000 × 3000 புள்ளிகளில் ஒரே படமாக எடுத்தால் மில்லிமீட்டருக்கு 6.7 புள்ளிகள் கிடைக்கும். அப்பக்கத்தில் மெய்யெழுத்தின் புள்ளி 0.4 மி.மீ. குறுக்களவு உடையதாயின் அது மூன்று படப்புள்ளிகளுக்கும் குறைவான இடத்தில் அடங்கிவிடும். பக்கத்தைப் பகுதி பகுதியாக எடுத்து இவ்வளவை இரு மடங்காக்கினால் அதே புள்ளிக்கு ஐந்து படப்புள்ளிகள் கிடைக்கும். அப்பொழுது அது புள்ளியா தாளின் கறையா என்று ஓரளவு துணியலாம்.

ஓலைச்சுவடியில் இச்சிக்கல் வேறு வடிவில் எழுகின்றது. 40 செ.மீ. நீளமும் 4 செ.மீ. அகலமும் உள்ள ஓலையை 6000 × 4000 புள்ளிகள் கொண்ட கருவியால் முழுமையாகப் பிடித்தால், ஓலை 600 புள்ளி உயரத்தில் மட்டுமே அமையும். எஞ்சிய 3400 புள்ளி உயரத்தில் மேசைவிரிப்பே பதிவாகும். ஓலையை இரு பகுதிகளாகச் சற்று மேற்பொருந்துமாறு எடுத்தால் மில்லிமீட்டருக்கு 15 ஆக இருந்த அளவு 27 ஆக உயரும். செலவின்றிப் பெறும் இப்பயனை எந்த மென்பொருளாலும் பின்னர் ஈடுசெய்ய இயலாது.

3. பெருக்கம்: எண்களுக்கு இடையில் எண்கள்

படத்தைப் பெரிதாக்குதல் என்பது உள்ள புள்ளிகளுக்கு இடையே புதிய புள்ளிகளை நிரப்புதலாகும். 200, 80 என்னும் ஒளிர்வு கொண்ட இரு புள்ளிகளுக்கு இடையே ஒன்றை இடவேண்டுமாயின் மென்பொருள் 140 என்று இடும். இவ்வெண் படக்கருவி கண்டதன்று; கணக்கு வருவித்தது. பதிப்பியலில் பிற்காலத்தார் இடையில் சேர்த்த பாடலை ‘இடைச்செருகல்’ என்கின்றோம். பெருக்கப்பட்ட படத்தின் பெரும்பகுதி அத்தகைய இடைச்செருகலே. அகலத்தையும் உயரத்தையும் இரு மடங்காக்கினால், நான்கு புள்ளிகளுள் மூன்று வருவிக்கப்பட்டவை.

புதிய எண்ணை வருவிக்கும் முறைகள் பல. அருகிலுள்ள புள்ளியை அப்படியே படியெடுக்கும் முறையில் விளிம்புகள் படிக்கட்டுப் போலத் தோன்றும். அண்டையிலுள்ள 4 புள்ளிகளைக் கொண்டு கணக்கிடும் இருநேரியல் முறை மென்மையும் மங்கலும் தரும். 16 புள்ளிகளைக் கொள்ளும் இருமுப்படி முறை விளிம்புகளை ஓரளவு காக்கும். படம் திருத்தும் மென்பொருள்களில் பரவலாக உள்ளது இதுவே. லான்சோஸ் முறை அதனினும் கூர்மையானது. ஆயினும் வன்மையான விளிம்புகளின் அருகே மெல்லிய அலைகளை எழுப்பக்கூடும். இவை அனைத்தும் அருகிலுள்ள எண்களைக் கொண்டே கணக்கிடுகின்றன. ஆகவே இல்லாத எழுத்தொன்றை இவை படைப்பதில்லை. உள்ளதை மங்கலாகப் பரப்புகின்றன. ஆய்வாளர்க்கு இது குறையன்று. ஒரு வகையில் காப்பும் ஆகும். மங்கல், செய்தி இல்லை என்பதை நேர்மையாகக் காட்டுகின்றது.

இங்கு இரு செய்திகளைக் கருதல் வேண்டும். முதலாவது, படக்கருவி தரும் கோப்பிலேயே ஒரு வகை வருவித்தல் நிகழ்ந்துவிடுகின்றது. பெரும்பாலான கருவிகளின் உணரி மீது, கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் வகுத்து 1976இல் காப்புரிமை பெற்ற வண்ண வடிகட்டி அமைந்துள்ளது. அதில் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றனுள் ஒன்றை மட்டுமே அளக்கும். பாதி புள்ளிகள் பச்சைக்கும், கால் பங்கு சிவப்புக்கும், கால் பங்கு நீலத்துக்கும் உரியவை. எஞ்சிய இரு வண்ணங்கள் அண்டைப் புள்ளிகளிலிருந்து கணிக்கப்படுகின்றன. புதிதாக எடுத்த படமும் சற்று மென்மையாகத் தோன்றுவதற்கு இது ஒரு காரணம். இரண்டாவது, கருவியிலுள்ள ‘மின்னிலக்க அண்மையாக்கம்’ என்னும் வசதி, படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெருக்குவதே. வில்லையால் வரும் அண்மையாக்கம் புதிய செய்தியைத் தரும், இது தராது.

4. கூர்மையாக்கம்: விளிம்பின் வேறுபாட்டை மிகுத்தல்

கூர்மையாக்கத்தின் அடிப்படையை இருட்டறைக் காலத்திலிருந்தே விளங்கிக்கொள்ளலாம். எதிர்ப்படத்தின் மங்கலான நேர்ப்படிவம் ஒன்றை மெல்லிய படச்சுருளில் எடுத்து, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து அச்சிட்டால் விளிம்புகள் எடுப்பாகத் தோன்றும். இன்றைய மென்பொருள்களில் ‘அன்ஷார்ப் மாஸ்க்’ என வழங்கும் வசதி இம்முறையின் கணக்கு வடிவமே. மூலப்படத்திலிருந்து அதன் மங்கலான படியைக் கழித்து, வரும் வேறுபாட்டை மூலத்துடன் கூட்டுதல் என்று இதனைச் சுருங்கக் கூறலாம்.

ஓர் எடுத்துக்காட்டால் இதனைத் தெளிவுறுத்தலாம். தாளின் ஒளிர்வு 200, மையின் ஒளிர்வு 80 எனக் கொள்வோம். எழுத்தின் விளிம்பைக் கடக்கும் ஒரு வரிசை 200, 200, 200, 80, 80, 80 என அமையும். ஒவ்வொரு புள்ளிக்கும் அதனையும் அண்டைப் புள்ளிகள் இரண்டையும் சேர்த்துச் சராசரி கண்டால் 200, 200, 160, 120, 80, 80 என்னும் மங்கலான வரிசை கிடைக்கும். மூலத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு நடு இரு புள்ளிகளில் +40, −40. அதனை முழுமையாக மூலத்துடன் கூட்டினால் 200, 200, 240, 40, 80, 80. விளிம்பில் 120 ஆக இருந்த வேறுபாடு 200 ஆக உயர்ந்துவிட்டது. எழுத்தை ஒட்டிய தாள் தாளினும் வெண்மையாகவும், எழுத்தின் ஓரம் மையினும் கருமையாகவும் மாறியுள்ளன. மிகையாகக் கூர்மையாக்கிய படத்தில் பொருள்களைச் சுற்றித் தோன்றும் ஒளிவட்டம் இதுவே. படத்தில் புதிய செய்தி எதுவும் சேரவில்லை. உள்ள வேறுபாடு உரக்கச் சொல்லப்பட்டது, அவ்வளவே.

இனி, மங்கிய மெய்ப்புள்ளி ஒன்றைக் காண்போம். 200, 200, 170, 200, 200 என்னும் வரிசை மேற்கூறிய முறையால் 200, 210, 150, 210, 200 ஆகும். தாளுக்கும் புள்ளிக்கும் இடையே 30 ஆக இருந்த வேறுபாடு இப்பொழுது அண்டைப் புள்ளிகளோடு ஒப்பிட 60. படிப்போர்க்கு இது பேருதவி. ஆனால், அவ்விடத்தில் இருந்தது மெய்ப்புள்ளியன்றிப் பூச்சி துளைத்த தடமாயினும் கணக்கு இதுவே, விடையும் இதுவே. கருவிக்கு இலக்கணம் தெரியாது. ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் மெய்ப்புள்ளி இடப்படுவதில்லை என்பதும், எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடு வரிவடிவில் தெளிவாகக் காட்டப்படுவதில்லை என்பதும் நாம் அறிந்தவை. அத்தகைய ஓலையின் படத்தை மிகையாகக் கூர்மையாக்கினால், ஏடெழுதியவர் இடாத புள்ளியை நாம் இட்டவராவோம்.

இவ்வசதியில் மூன்று அமைப்புகள் உள்ளன. ‘அளவு’ என்பது வேறுபாட்டை எத்தனை விழுக்காடு கூட்டுவது என்பதைக் குறிக்கும். ‘ஆரம்’ என்பது மங்கலாக்கம் எத்துணைத் தொலைவு பரவுவது என்பதாகும். ஒளிவட்டத்தின் அகலம் இதனைப் பொறுத்தது. அங்குலத்துக்கு 300 புள்ளியில் அச்சிடும் படத்துக்கு 1 முதல் 2 வரையிலான ஆரம் பொதுவாகப் போதுமானது. இரண்டு புள்ளி அகலம் தாளில் 0.17 மி.மீ. மட்டுமே ஆதலின் கண்ணை உறுத்தாது. ‘வரம்பு’ என்பது எவ்வளவினும் சிறிய வேறுபாட்டைத் தொடாது விடுவது என்னும் எல்லை. மேற்கூறிய மங்கிய புள்ளியில் வேறுபாடு 20 ஆதலின், வரம்பை 25 என வைத்தால் அது கூர்மையுறாது. வரம்பை உயர்த்தினால் தாளின் இரைச்சல் அடங்கும். மெல்லிய புள்ளிகளும் உடன் அடங்கும். குறைத்தால் இரண்டும் எழும். மனித முகங்களுக்கு உயர்ந்த வரம்பு நன்று. எழுத்துச் சான்றுக்கு இரு நிலைகளிலும் படி எடுத்து ஒப்பிடுதல் நன்று.

5. செய்முறை ஒழுங்கு

நல்ல அச்சுப்படியின் பெரும்பகுதி படம் எடுக்கும் இடத்திலேயே முடிவாகிவிடுகின்றது. கருவியை முக்காலியில் நிறுத்தி, கை நடுக்கம் படாதவாறு நேரக்கட்டுப்பாட்டைப் பயன்படுத்துதல் வேண்டும். வில்லை மூலத்துக்கு நேராக அமைதல் வேண்டும். சாய்ந்தால் ஒருபுறம் குவியம் பிறழும். கீறி எழுதிய ஓலைக்கும் கல்வெட்டுக்கும் ஒளி பக்கவாட்டில் தாழ்ந்து விழுமாறு அமைத்தால் பள்ளங்களில் நிழல் தங்கி எழுத்துத் துலங்கும். ஒளியின் திசையை மாற்றி மற்றொரு படமும் எடுத்தல் நலம். கீறலின் நிழல் இடம் மாறும், கறை மாறாது. அளவுகோல் ஒன்றைச் சட்டகத்துள் வைத்தல் ஆய்வுப் படத்துக்கு இன்றியமையாதது.

கோப்பு வகையும் கருதத்தக்கது. ஜேபெக் வகை, படத்தை 8 × 8 புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பிரித்து நுண்செய்தியைக் களைந்து சுருக்குகின்றது. கடுமையாகச் சுருக்கிய கோப்பைக் கூர்மையாக்கினால் எழுத்தோடு அக்கட்டங்களின் விளிம்புகளும் கூர்மையுறும். ஆதலின் கருவி இடங்கொடுக்குமாயின் உணரியின் மூலக்கோப்பாகவே சேமித்து, திருத்தும் படியை டிஃப் வகையில் வைத்துக்கொள்ளுதல் நன்று.

திருத்துங்கால் பின்வரும் ஒழுங்கைப் பின்பற்றலாம். முதலில் மூலக்கோப்பைத் தொடாது படி ஒன்றை எடுத்துக்கொள்க. அப்படியில் ஒளிர்வையும் நிறத்தையும் சீராக்குக. இரைச்சலை அளவோடு குறைக்க. பின்னர் அச்சிடும் அளவுக்குப் பெருக்குக. கூர்மையாக்கத்தை இறுதியில் செய்க. முன்னரே செய்தால் ஒளிவட்டமும் சேர்ந்து பெருகிவிடும். கூர்மையை மதிப்பிடுங்கால் திரையில் நூறு விழுக்காட்டு அளவில் பார்த்தல் வேண்டும். மை தாளில் சற்றே பரவுவதால், திரையில் சிறிது மிகையாகத் தோன்றும் கூர்மை அச்சில் அளவாக அமையும். மழமழப்பற்ற தாளுக்கு இது மேலும் பொருந்தும். முழுப் பணிக்கு முன்னர் சிறு பகுதியொன்றை இரண்டு மூன்று நிலைகளில் அச்சிட்டுப் பார்ப்பது காலத்தையும் தாளையும் மிச்சப்படுத்தும்.

6. கற்றறிந்து நிரப்பும் மென்பொருள்

மேற்கூறிய முறைகளினின்றும் அடிப்படையில் வேறுபட்டது, 2014 முதல் ஆழ்கற்றல் வழியில் வளர்ந்துவந்துள்ள பெருக்க முறை. இலக்கக்கணக்கான படங்களைக் காட்டி, ‘மங்கலாக இப்படித் தோன்றுவது தெளிவாக எவ்வாறு இருந்திருக்கும்’ என்று கணினியைப் பழக்குகின்றனர். புகழ்பெற்ற படத் திருத்த மென்பொருள்களில் 2021 முதல் இவ்வசதி இடம்பெற்றுள்ளது. கைப்பேசிகள் பலவற்றில் பயனர் கேளாமலே இத்தகைய திருத்தங்கள் நிகழ்கின்றன. இலைகளையும் கூந்தலையும் துணியின் இழையையும் இவை வியக்கத்தக்க வகையில் மீட்டுத் தருகின்றன. குடும்பப் படத்தைப் பெரிதாக்கி மாட்டுவோர்க்கு இவற்றால் தீங்கில்லை.

எனினும், இவை அருகிலுள்ள எண்களோடு தாம் முன்னர்க் கற்றவற்றையும் சேர்த்தே நிரப்புகின்றன. இருந்தது எது என்பதன்று, இருந்திருக்கக்கூடியது எது என்பதே இவற்றின் விடை. மங்கல் நீங்கிவிடுவதால், ஐயத்துக்குரிய இடம் எது என்பதும் மறைந்துவிடுகின்றது.

தெளிவு வேறு, உண்மை வேறு என்பதற்கு 2013ஆம் ஆண்டு நிகழ்வு ஒன்று தக்க சான்று. ஜெராக்ஸ் நிறுவனத்தின் அலுவலக நகல் கருவிகள் சிலவற்றில் ஆவணத்தின் எண்கள் மாறிவிடுவதை டேவிட் கிரீசல் என்னும் செருமானியக் கணினியறிஞர் வெளிப்படுத்தினார். கட்டட வரைபடமொன்றில் மூன்று அறைகளின் பரப்பு 14.13, 21.11, 17.42 சதுர மீட்டர் என இருக்க, வருடப்பட்ட படியில் மூன்றும் 14.13 என்றே வந்தன. ஒத்த வடிவங்களை ஒன்றாகக் கருதி ஒன்றன் இடத்தில் மற்றொன்றை வைக்கும் சுருக்க முறையே அதற்குக் காரணம். அது பெருக்கமன்று, சுருக்கமே, ஆழ்கற்றலும் அன்று. ஆயினும் படிப்பினை ஒன்றே. எண்கள் மங்கியிருந்தால் எவரும் ஐயுற்றிருப்பர். அவை கூர்மையாக இருந்தமையால் பிழை எளிதிற் புலப்படவில்லை.

7. முடிவுரை

மீண்டும் அடிக்கல்லுக்கு வருவோம். அப்படம் 2048 × 1536 புள்ளிகள் கொண்டது. ஏறத்தாழ 30 செ.மீ. அகலமுள்ள கல், படத்தில் 200 புள்ளி அகலத்தில் அமைந்திருந்தது. எனவே 15 மி.மீ. உயரமுள்ள எண்ணுக்குக் கிடைத்தவை 10 படப்புள்ளிகள். ௪ என்னும் குறி சகரத்தையும் ௬ என்னும் குறி சுகரத்தையும் ஒத்தவை. கீழ்ப்பகுதியின் வளைவே அவ்விரண்டையும் பெரிதும் வேறுபடுத்துகின்றது. 3 மி.மீ. அளவினதாகிய அவ்வளைவுக்கு இரண்டு படப்புள்ளிகளே இருந்தன. அவற்றுள் ஒன்று மாலையின் நிழலிற் பட்டிருந்தது. இருமுப்படி முறையில் பெருக்கிப் பார்த்தபொழுது அவ்விடத்தில் சாம்பல் நிறக் கறை ஒன்றே தெரிந்தது. அதனை ஒரு மென்பொருள் வளைவென்று கொண்டது. மற்றொன்று நிழலென்று கொண்டது. இரண்டும் பொய்யுரைக்கவில்லை, கேட்கக்கூடாததை நாம் கேட்டோம்.

மாணவர் ஆய்வேட்டைத் திருத்தினார். மங்கலான படத்தையே அச்சிட்டு, அதன் கீழ் ‘ஆண்டு ௧௯௨௪ அல்லது ௧௯௨௬, ஈற்றெண் தெளிவாக இல்லை’ என்று எழுதினார். ஓர் ஆண்டை உறுதியாகச் சொல்ல முடியாமற் போனமை அவருக்கு வருத்தமே. ஆயினும் நாளை வேறொருவரிடம் அதே கல்லின் மற்றொரு படம் கிடைக்குமாயின், அவர் தொடர்வதற்கு வழி திறந்தே உள்ளது. தெளிவான பொய்ப்படம் அவ்வழியை அடைத்திருக்கும்.

ஆகவே, ஆய்விதழிலும் ஆய்வேட்டிலும் இடம்பெறும் படங்களுக்கு மூன்று நெறிகளை நாம் பரிந்துரைக்கின்றோம். மூலக்கோப்பைத் திருத்தாமல் காத்தல் வேண்டும். பெருக்கிய முறையையும் கூர்மையாக்கிய அளவையும் படக்குறிப்பில் ஒரு வரியில் சுட்டுதல் வேண்டும். எழுத்து அல்லது எண்ணின் வாசிப்பு ஒரு படத்தைச் சார்ந்திருக்குமாயின், கற்று நிரப்பும் மென்பொருளின் விளைவைச் சான்றாகக் கொள்ளுதல் கூடாது. இவை நமக்குப் புதிய நெறிகள் அல்ல. 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், ஏட்டில் சிதைந்த இடங்களைத் தம் புலமையால் நிரப்பியிருக்க இயலும்; அவர் அவ்விடங்களைப் புள்ளியிட்டு வெறுமையாகவே விட்டார். பாடலின் வெற்றிடத்துக்கு அவர் அளித்த மதிப்பைப் படத்தின் மங்கலுக்கும் நாம் அளித்தல் தகும்.